வைகாசியில் அருந்ததி

கல்யாணத்தன்று அருந்ததியைப் பார்த்ததாக சுகந்தி சொல்லிவருவதை நான் பல வருடங்களாக நம்பவில்லை. நம்பவில்லை என்று அவளிடம் சொன்னதும் இல்லை. இந்தக் கண் மருத்துவமனையின் மாடி நடைவழியில், இரும்பு நாற்காலியில், அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அது ஏன் ஞாபகத்துக்கு வர வேண்டும். எதிரே கறுப்புத் திரை தொங்கும் அறை. அவள் அதற்குள் இருக்கிறாள். ஒரு கண்ணை மூடிக் கட்டி, வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பரிசோதனை எடுக்கும் பெண்ணின் குரல் திரையைத் தாண்டி வருகிறது. "நடுவுல இருக்கிற மஞ்சள் லைட்டை மட்டும் பாருங்கம்மா. கண்ணை அசைக்கக் கூடாது. சுத்தி எங்கயாவது பொட்டு மாதிரி வெளிச்சம் வந்தா கையில இருக்கிற பட்டனை அமுக்குங்க. வரலைன்னா அமுக்காதீங்க. சரியா?" சரி என்கிறாள் சுகந்தி. எதற்கும் முதலில் சரி என்பாள். கிண்ணத்துக்குள் வெளிச்சப் பொட்டுகள். நான் வேலை பார்க்கும் கோளரங்கமும் அதுதான், கவிழ்த்துப் போட்ட பெரிய கிண்ணம். அதில் இருட்டைச் செய்து, பொட்டுகளைப் போட்டு, இவை நட்சத்திரங்கள் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. இங்கே பொட்டைப் போட்டுவிட்டு ஒன்றும் சொல்வதில்லை. நீ சொல் என்று காத்திருக்கிறார்கள்.

வைகாசி மாதம், காலை பத்து மணி வாக்கில் முகூர்த்தம் முடிந்தது. லால்குடியில் ஒரு மண்டபம். அம்மி மிதித்த பிறகு புரோகிதர் எங்களை மண்டபத்தின் பின்வாசலுக்கு அழைத்துப் போனார். அங்கே அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள், தரையெல்லாம் சாம்பார்த் தண்ணீர், சுகந்தி புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கையைக் காட்டி, அதோ அருந்ததி, நன்னா பாருங்கோ, தெரியறதா என்றார். நான் உடனே தெரியுது என்றேன். இயற்பியல் முதுகலை படித்துவிட்டுக் கோளரங்க வேலைக்கு மனுப் போட்டிருந்தேன் அப்போது. ஆனாலும் தெரியுது என்றேன், அந்த இடத்தில் யார்தான் இல்லை என்பார்கள். அவள் சொல்லவில்லை. கண்ணைச் சுருக்கி மேலே பார்த்துக்கொண்டே இருந்தாள். புரோகிதருக்கு அடுத்த மண்டபத்துக்குப் போகும் அவசரம். "சொல்லும்மா, தெரியறதோன்னோ?" புகைப்படக்காரர் பொறுமை இழந்து, "சார் கையைத் தூக்கி வச்சுக்கங்க, அக்கா அப்படியே பாருங்க" என்றார். அப்போது அவள் சொன்னாள், தெரியுது. அதோடு விட்டிருந்தால் எல்லாக் கல்யாணத்துப் பெண்களும் சொல்வதைச் சொன்னாள் என்று நானும் விட்டிருப்பேன். அவள் விடவில்லை. ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் புதுப்பெண்ணைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு சொல்வாள்: "எல்லாரும் சும்மா சொல்லுவாங்கடி, நான் நெஜமாவே பாத்தேன். ஒண்ணு இல்ல, ரெண்டு. பெருசு ஒண்ணு, அதுக்கு ஒட்டுனாப்புல சிறுசு ஒண்ணு. சிறுசுதான் அருந்ததி." ஒருமுறை என் அலுவலகத்து நண்பர்கள் வீட்டுக்கு வந்திருந்தபோதும் சொன்னாள். "என்ன சார், ஊருக்கெல்லாம் நீங்க ராத்திரியில நட்சத்திரம் காட்டுறீங்க, வீட்டுல மேடம் பகல்லயே பாத்திருக்காங்க" என்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் காபி தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

பகல் வெளிச்சம்கூட எனக்குப் பெரிய விஷயமில்லை. வைகாசி மாதக் காலைப் பத்து மணிக்கு அருந்ததி வானத்திலேயே இல்லை. அது விடிவதற்கு முன்பே வடமேற்கில் இறங்கியிருக்கும். பந்தி முடிந்து, இலை எடுத்து, சொந்தக்காரர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகுதான் வடகிழக்கில் ஏறும். நாங்கள் அண்ணாந்து பார்த்த நேரத்தில் அது எங்கள் காலுக்குக் கீழே, பூமிக்கு அந்தப் பக்கம் இருந்தது. நியாயமாகப் பார்த்தால் புரோகிதர் தரையில் கிடந்த சாம்பார்த் தண்ணீரைத்தான் காட்டியிருக்க வேண்டும். அதே கல்யாணம் ஆவணியில் நடந்திருந்தால் அதே பத்து மணிக்கு அருந்ததி மேலே இருந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாமல். நட்சத்திரம் ஒவ்வொன்றும் நாளுக்கு நாலு நிமிடம் முன்னதாக உதிக்கிறது. பூமி தன்னைத்தானே சுற்றுவதோடு சூரியனைச் சுற்றியும் நகர்வதால் வரும் நாலு நிமிடம். இன்றைக்கும் நேற்றைக்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியாது. மாதம் ஒன்று போனால் இரண்டு மணி நேரம். ஆறு மாதம் போனால் ராத்திரி இருந்த வானம் பகலுக்குப் போய்விடும். இதைக் காட்சிக்குக் காட்சி, தமிழில் ஒரு தடவை ஆங்கிலத்தில் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். நாலு நிமிடம்தான் பிள்ளைகளே, நாலே நாலு நிமிடம். சொல்லும்போது குரலை எங்கே இறக்க வேண்டும் என்பதுகூட எனக்குப் பழகிவிட்டது. டாக்டரம்மா போன வாரம் சொன்னதும் கிட்டத்தட்ட அந்தக் குரலில்தான் இருந்தது. கண்ணில் நீர் அழுத்தம் அதிகம். ஓரத்துப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். வலி இருக்காது. "போன இடம் இருட்டாத் தெரியாதுங்க. பக்கத்துல இருக்கிறதை வச்சு மூளையே நிரப்பிக்கும். அதனால நிறையப் பேருக்குப் போனதே தெரியாது. போனதைத் திருப்ப முடியாது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். எவ்வளவு இருக்குன்னு இந்த டெஸ்ட்லதான் தெரியும். அதைப் பாத்துட்டுத்தான் சொட்டு மருந்தோட விடலாமா, ஆபரேஷனுக்குப் போகணுமான்னு சொல்வேன்." சுகந்தி அப்போதும் சரி என்றாள்.

பக்கத்து நாற்காலிக்காரர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார். மணப்பாறை என்றார், நான் கேட்காமலே. அவருக்கு இடது கண்ணில் ஆபரேஷன் முடிந்திருக்கிறது, இப்போது அவர் மனைவியின் முறை. "உள்ள நம்ம வீட்டம்மாதானுங்களா? பயப்படாதீங்க. எங்க ஆளு இப்பத்தான் முடிச்சிட்டு மாத்திரை வாங்கக் கீழ போயிருக்கா. பொட்டு வந்தா அமுக்குன்னாங்க. இத்தன வருசமா என்னையத்தான் அமுக்கிக்கிட்டு இருக்கா, பட்டனை அமுக்கமாட்டாளா?" சிரித்தேன் போலிருக்கிறது. சார் என்ன வேலை என்றார். கோளரங்கம் என்றேன். "கோளா? கிரகம் பாக்குறவுகளா? அட, நம்ம பேரனுக்கு ஏழரை நடக்குதுங்க." ஜோசியம் இல்லைங்க, வானத்தில் என்ன இருக்கிறது என்று காட்டுவோம், அவ்வளவுதான் என்றேன். "ரெண்டும் மேலதான சார் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். மேலே. மேலே என்று ஒன்று இல்லை என்றும்தான் நான் சொல்லிவருகிறேன். இந்த நாற்காலி, இவர், நான், கீழே மாத்திரை வாங்கும் அம்மாள், திரைக்குப் பின்னால் தாடையைப் பட்டையில் வைத்திருக்கும் சுகந்தி, எல்லோரும் இப்போது மணிக்கு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறோம். யாருக்கும் காற்று அடிக்கவில்லை, மடியில் இருக்கும் பை நகரவில்லை. எல்லாம் சேர்ந்து நகர்வதால் நகர்வது தெரிவதில்லை. சேர்ந்தே இருப்பதால் தெரியாமல் போவது. கல்யாணமாகி முப்பது வருடத்தை நெருங்குகிறது. அவள் மொபெட்டை விற்றது எப்போது? முட்டி வலி என்றாள். பக்கத்து வீட்டு இரும்புக் கேட்டில் இடித்துக்கொண்டு தோளில் கன்றிப்போய் வந்தாளே, அது மொபெட்டுக்கு முன்பா பின்பா? தம்ளரை மேசை விளிம்பில் பாதி வெளியே நிற்கும்படி வைக்க ஆரம்பித்தது எப்போது? வாசல் குழாயில் குடம் நிரம்பி வழிந்ததை நான் பார்த்துச் சொன்னபோது, "யோசனையா இருந்தேங்க" என்றாள். என்ன யோசனை என்று கேட்டேனா, நினைவில்லை. நாளுக்கு நாலு நிமிடம் என்று கணக்குச் சொல்லத் தெரிந்தவனுக்கு வீட்டில் ஒரு வானம் நகர்ந்தது கண்ணில் படவில்லை. இல்லை, பட்டது. பட்டதற்கெல்லாம் அவள் ஒரு காரணம் வைத்திருந்தாள். காரணம் இருந்ததால் நான் நிம்மதியாக இருந்தேன்.

உள்ளே இயந்திரம் சத்தமிடுகிறது. மிக மெல்லிய சத்தம், உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி திரும்புகிற மாதிரி. சர்ர், பிறகு ஒரு நொடி மௌனம், பிறகு பட்டனின் டிக். சர்ர், டிக். ஒழுங்காக வருகிறது. எல்லாப் பொட்டும் தெரிகிறது போல. நல்லதுதானே. கோளரங்கத்தில் பழைய கருவி இருந்த காலத்தில் ஒருநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். வழக்கம்போல இருட்டாக்கி, வழக்கம்போல, இதோ வடக்கு வானில் ஏழு நட்சத்திரங்கள், ஏர் போல, கரண்டி போல, தெரிகிறதா பிள்ளைகளே என்று கேட்டேன். தெரியுது என்று அரங்கமே அதிர்ந்தது. பிறகுதான் பார்த்தேன், நான் பொத்தானைப் போடவே இல்லை. குவிமாடம் வெறும் இருட்டு. இருநூறு பிள்ளைகளில் ஒன்றுகூட இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். என் குரல் உயர்ந்த இடத்தில் அவர்கள் பதில் சொல்ல வேண்டும், சொன்னார்கள். சுகந்தியும் அப்படித்தானா? அந்தப் பின்வாசலில், புரோகிதர், புகைப்படக்காரர், அவளுடைய அப்பா, நான், எல்லோருடைய குரலும் ஒரே இடத்தில் உயர்ந்து நின்றபோது, அவள் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? ஆனால் பிறகு ஏன் ரெண்டு, பெருசு ஒண்ணு சிறுசு ஒண்ணு? அது எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும், என் மேசையிலேயே கிடைத்திருக்கும். நான் சந்தேகப்பட்டது நட்சத்திரத்தை அல்ல என்று இப்போது தோன்றுகிறது. இல்லாத ஒன்றை இருக்கிறது என்று இவ்வளவு திடமாக, இவ்வளவு காலம் சொல்ல முடியுமென்றால், அவள் சொன்ன மற்றதெல்லாம்? உங்க அம்மா கூட இருக்கிறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லைங்க. இந்த ஊரு பிடிச்சிருக்கு. வேலையை விட்டதுல வருத்தம் இல்ல. வலிக்கல. பசிக்கல. தூக்கம் வந்துச்சு. ஒன்றைப் பிடித்து இழுத்தால் எல்லாம் வந்துவிடும் என்ற பயத்தில்தான் நான் அருந்ததியைப் பற்றிக் கேட்காமலே இருந்தேனோ. அருந்ததி தெரியாதவர்கள் ஆறு மாதம் தாங்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. என்னிடம் யாராவது கேட்டால், அது பெரிய நட்சத்திரத்தின் பக்கத்தில் மங்கலாக இருப்பது, அந்தக் காலத்துக் கண் பரிசோதனை, வேறொன்றும் இல்லை என்பேன். அதன் வெளிச்சம் இங்கே வந்து சேர எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, நாம் பிறப்பதற்கு முன் கிளம்பிய வெளிச்சம் என்பேன். இப்போது அந்த ஆறு மாதம் மட்டும் நெஞ்சில் நிற்கிறது, மற்ற விளக்கமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. போன மாசியில் மொட்டை மாடியில் துணி எடுக்க வந்தவளிடம், வடக்கே பார், வந்துவிட்டது உன் அருந்ததி என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. என் விரலையும் பார்க்கவில்லை. "ஆமாங்க, ரெண்டும் தெரியுது" என்று சொல்லிவிட்டுக் கொடியில் கையை வைத்துத் தடவிக்கொண்டே போனாள். கிளிப்பைத் தேடுகிறாள் என்று நினைத்தேன்.

திரையை விலக்கிக்கொண்டு அந்தப் பெண் வெளியே வந்தாள். சட்டையில் மெர்சி என்று பெயர் குத்தியிருந்தது. "சார், நீங்கதான அந்த அம்மாகூட வந்தவங்க?" எழுந்தேன், பை கீழே விழுந்தது, மணப்பாறைக்காரர் எடுத்துக்கொடுத்தார். "சார், கோவிச்சுக்காதீங்க. ரிசல்ட் சரியா வர மாட்டேங்குது. இடையில மிஷின் சத்தம் மட்டும் போடும், வெளிச்சம் வராது, ஆளைச் சோதிக்கிறதுக்காக. அப்பவும் அமுக்குறாங்க. ஒண்ணு ரெண்டு தடவைன்னா பரவால்ல. முழுக்கவே சத்தத்தைக் கேட்டுத்தான் அமுக்குறாங்க. இதை வச்சு டாக்டர் ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. நான் சொன்னா எல்லாம் தெரியுது, எல்லாம் தெரியுதுன்னுதான் சொல்றாங்க. நீங்க கொஞ்சம் உள்ள போய்ப் பேசிப் பாருங்க. நான் டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்துடறேன்." அவள் குரலில் கோபம் இல்லை. இப்படிப் பலரைப் பார்த்திருப்பாள். நான் திரையைத் தூக்கினேன். என் அரங்கத்துக்குள் நுழைகிற ஒவ்வொரு நாளும் கண் பழகும்வரை வாசலில் நிற்பேன், இங்கேயும் நின்றேன். சின்ன அறை, கிண்ணத்துக்குள் மட்டும் வெளிச்சம். கண் கட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். சுகந்தி தாடையை எடுத்துவிட்டு நேராக உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்கு வந்த பெண்ணைப் போல முதுகு விறைப்பாக இருந்தது, பட்டன் இன்னும் கையிலேயே. அவளுடைய இடது தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் முகம் அசையவில்லை. செருமினேன்.

"யாரு? நீங்களா?" என்றாள், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே. பிறகு, "பாஸா, பெயிலா?" திரும்ப எடுக்க வேண்டுமாம் என்றேன். "எதுக்கு? எல்லாத்துக்கும் அமுக்கினேனே." வெளிச்சம் வராதபோதும் அமுக்கியிருக்கிறாய் என்கிறார்கள். "சத்தம் வந்துதே" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது போல நிறுத்திக்கொண்டாள். இயந்திரத்தின் உள்ளே ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் ஏதாவது சொன்னால் குரல் எங்காவது உயர்ந்துவிடும், உயர்ந்தால் அதற்கு ஒரு பதில் சொல்லிவிடுவாள். அவளாகவே, "போன வருஷம் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் பண்ணேன்" என்றாள். அங்கே பரவாயில்லை என்றுதானே சொன்னார்கள்? "அதான் சொல்றேன். பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா சொல்லிக் குடுத்தாங்க, சத்தம் வந்தா அமுக்கு, விட்டுடுவாங்கன்னு. அங்க யாரும் கண்டுபிடிக்கல. இந்தப் பொண்ணு கெட்டிக்காரி." பட்டனின் ஒயரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "யாழினிக்கு ஏழு மாசம் ஆகுது. அடுத்த மாசம் பிரசவத்துக்கு இங்க கூட்டிட்டு வந்துடணும். என் பொண்ணுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா கண்ணு தெரியாதவ கையில குழந்தையைக் குடுப்பாளாங்க? நீங்க சொல்லுங்க. குடுப்பீங்களா?" எத்தனையோ வருடமாக நாக்கின் நுனியில் வைத்திருந்த கேள்வி ஒன்று இருந்தது, அந்த மண்டபத்துப் பின்வாசலைப் பற்றி. அது இப்போது சின்னப் பிள்ளைத்தனமாக இருந்தது. அவள் தலையை முழுதாகத் திருப்பி, கழுத்தைத் திருப்பி, தோளைத் திருப்பி, கடைசியில் கண்ணைக் கொண்டுவந்து என் சட்டைப் பொத்தானில் நிறுத்தி, அங்கிருந்து மெதுவாக ஏறி என் முகத்துக்கு வந்தாள். இவ்வளவு தூரம் திரும்ப வேண்டியிருக்கிறது, கைக்கு எட்டுகிற இடத்தில் நிற்கும் என்னைப் பார்க்க. வெளியே மெர்சி திரும்பி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. நான் குனிந்தேன். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

"சுகந்தி, இந்தப் பக்கமா நின்னா நான் எப்பலேர்ந்து உனக்குத் தெரியல?"